எனக்கு ஸ்டாப்பார்ட் பைத்தியம்

எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஆங்கில நாடக ஆசிரியர் டாம் ஸ்டாப்பார்ட் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் ரசம் ஆறிவிடும், மோர் சாதம் வரை நான் வந்து சேர மாட்டேன். 2025 நவம்பர் 29 அன்று, 88 வயதில் அவர் காலமானார் என்ற சேதி வந்ததும் நண்பர்கள் சிலர் எனக்கே போன் போட்டுத் துக்கம் விசாரித்தார்கள். நானும் சொந்தத் தாய்மாமன் தவறிப்போன மாதிரி தொண்டை கரகரக்க ‘ஆமாம்ப்பா, ஆமாம்ப்பா’ என்று பதில் சொன்னேன். சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். மேடைக்கும் ரேடியோவுக்கும் டிவிக்கும் எழுதினவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. ஆனால் ரேடியோவுக்கு எழுதினால் காதைத் தவிர வேறெதற்கும் உதவாதபடி, டிவிக்கு எழுதினால் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தே தீர வேண்டும் என்கிறபடி, மேடைக்கு எழுதினால் நேரில் உட்கார்ந்தால்தான் உடம்பு சிலிர்க்கும் என்கிறபடி எழுதிய இன்னொரு ஆளை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்!

நான் விழுந்தது ரேடியோவில். மொட்டை மாடி, கரண்ட் போன ராத்திரி, காதில் ஹெட்போன். 1967-ல் பிபிசி ஒலிபரப்பிய ‘ஆல்பர்ட்ஸ் பிரிட்ஜ்’. நினைத்துப் பாருங்கள், வானத்தை முட்டும் ஒரு இரும்புப் பாலம், அதற்கு நாலு பேர் பெயின்ட் அடிக்கிறார்கள், இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேர இரண்டு வருஷம், அதற்குள் ஆரம்பித்த இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து! நகராட்சிக் கணக்குப் புலி ஒருவர், எட்டு வருஷம் தாங்கும் புது பெயின்ட் வாங்கினால் ஒரே ஆள் போதுமே, எட்டு வருஷத்தில் முடித்துவிடுவானே என்கிறார். கணக்கு கச்சிதம். தத்துவம் படித்த ஆல்பர்ட் என்ற பையன் ஆசை ஆசையாக ஏறுகிறான். கீழே ஊரும் குடும்பமும் சின்னச் சின்னப் புள்ளிகளாகிவிட, மேலே ராஜா மாதிரி இருக்கிறான். ஆனால் இன்னும் அவன் தொடாத பகுதியில் இருப்பது பழைய பெயின்ட், அதன் ஆயுசு இரண்டே வருஷம் என்பது எந்தப் புலிக்கும் தோன்றவில்லை. இரண்டு வருஷத்தில் முக்கால் பாலம் துருப்பிடித்து நிற்கிறது. விஷயம் நாறிவிடும் என்று ஒரே நாளில் வேலையை முடிக்க 1,700 பேருக்கு மேல் பெயின்டர்களைத் திரட்டி, சீட்டியடித்துக்கொண்டு கால் மாற்றாமல் அணிவகுத்துப் பாலத்தின் மேல் ஏறவிடுகிறார்கள். பாலத்தில் அப்படி நடை போடக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? தொம், தொம், தொம் என்று அந்தக் காலடிகள் நெருங்க நெருங்க, ஆணிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கத் தொடங்க, நான் மாடிக் கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சத்தியமாக! இந்தப் பாலத்தைச் சினிமாவில் கட்டக் கோடிகள் வேண்டும். இவர் என் மண்டைக்குள் காசில்லாமல் கட்டி, காசில்லாமல் இடித்தார். ‘ப்ரீ இத்தாலியா’ விருது கொடுத்தார்கள், கொடுக்காமல் எப்படி?

‘ஆல்பர்ட்ஸ் பிரிட்ஜ்’க்கு முந்தைய வருஷம் வந்தது இன்னொரு ரேடியோ நாடகம். டெலிபோனில் மணி சொல்லும் பெண் குரலைக் கேட்ட பஸ் டிரைவர் பிராங்க், ஐயோ இது என் மனைவி கிளாடிஸ் ஆயிற்றே என்று பஸ்ஸைப் பயணிகளோடு தெருவில் விட்டுவிட்டுத் தபால் இலாகா கட்டிடத்துக்குள் ஓடுகிறார்! அந்தப் பெண்ணோ ஒரு பக்கம் நொடி தவறாமல் நேரம் சொல்லிக்கொண்டே, அடியில் தன் மனசுக்குள் புலம்பிக்கொண்டிருக்கிறாள், இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக நமக்குக் கேட்கிறது. 1972-ல் வந்த ‘ஆர்ட்டிஸ்ட் டிசெண்டிங் எ ஸ்டேர்கேஸ்’ இன்னும் மோசம், அதாவது இன்னும் பிரமாதம். டேப்பில் பதிவான சில சத்தங்கள், பிறகு தடால் என்று ஒருவர் விழுகிறார். கிழட்டு ஓவியர் இருவர் ‘நீதான் தள்ளினாய்’ என்று ஒருவரையொருவர் குற்றம் சாட்ட, கதை படிப்படியாக 1914 வரை பின்னால் இறங்கி, அதே படிகளில் திரும்ப ஏறி வருகிறது. நடுவில் பார்வையில்லாத ஒரு பெண்ணின் காதல். கேட்கிற நமக்கும் கண் இல்லை, அவளுக்கும் இல்லை. எப்படிப்பட்ட கிறுக்கனுக்கு இது தோன்றும்! அந்தச் சத்தங்கள் உண்மையில் என்ன என்பது கடைசியில்தான் தெரியும். நான் சொல்ல மாட்டேன். காலில் விழுந்தாலும் சொல்ல மாட்டேன்.

டிவிக்கு வாருங்கள். 1977, பிபிசியில் ‘புரொஃபஷனல் ஃபவுல்’. கேம்பிரிட்ஜில் அறநெறித் தத்துவம் போதிக்கும் ஆண்டர்சன், மாநாட்டுக்கென்று பிராக் போகிறார். உள்ளுக்குள் திட்டம் வேறு: இங்கிலாந்து-செக்கோஸ்லோவாக்கியா கால்பந்து மேட்ச்! அங்கே அவருடைய பழைய மாணவன் ஒருவன், இப்போது கழிவறை கழுவிப் பிழைக்கிறவன், தன் ஆய்வேட்டை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி கெஞ்சுகிறான். சட்டப்படி தப்பாயிற்றே என்று தத்துவக்காரர் நழுவுகிறார். மறுநாள் அந்த மாணவன் வீட்டைப் போலீஸ் கலைத்துப் போட்டுக்கொண்டிருக்க, மேட்ச்சைத் தவறவிட்ட பேராசிரியர் அங்கேயே மாட்டிக்கொண்டு, புரியாத பாஷையில் ரேடியோ வர்ணனை கேட்கிறார் பாருங்கள், அப்போது நடிகர் பீட்டர் பார்க்வொர்த்தின் முகம்! தாடை அசைகிறது, கண் எங்கோ போகிறது, அவ்வளவுதான். மேடையில் பத்தாவது வரிசைக்கு இது போய்ச் சேருமா? விமான நிலையக் கட்டத்தில் நான் சோபாவின் மேல் ஏறி நின்றுகொண்டு டிவியைப் பார்த்து ‘பை, பை, ஆய்வேடு எந்தப் பையில்?’ என்று கத்தினேன், பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். நாடகத்தை ஸ்டாப்பார்ட் வாக்லாவ் ஹாவெலுக்குச் சமர்ப்பித்தார். அன்றைக்குச் செக்கோஸ்லோவாக்கிய அரசாங்கத்தின் கண்ணில் முள்ளாக இருந்த அந்த நாடக ஆசிரியர் 1989-ல் அந்த நாட்டுக்கே ஜனாதிபதி ஆனார்.

மேடையைப் பற்றிச் சொல்லவே எனக்கு மூச்சு வாங்குகிறது. ஹேம்லெட்டில் துக்கடா வேஷம் கட்டும் இரண்டு பேரைக் கதாநாயகர்களாக்கி 1966-ல் எடின்பரோவில் மாணவர் குழு போட்ட நாடகம், மறு வருஷமே லண்டன் ஓல்ட் விக்கில். ஆசிரியருக்கு வயது 29, கல்லூரி வாசலை மிதித்ததில்லை, 17 வயதிலேயே பிரிஸ்டலில் பத்திரிகை நிருபர். 1993-ல் ‘ஆர்க்கேடியா’: ஒரே அறை, ஒரே மேஜை, 1809-ல் இருப்பவர்களும் இன்றைக்கு இருப்பவர்களும் மாறி மாறி வந்து கடைசியில் ஒரே நேரத்தில் மேடையில் சுழன்றாடுகிறார்கள். அறிவு ஜாஸ்தி, உணர்ச்சி கம்மி என்று இவரைச் சொல்கிறவர்கள் உண்டு. ‘ஜம்பர்ஸ்’ நாடகத்தைப் படித்தபோது எனக்கும் லேசாகத் தலை சுற்றியது, இல்லையென்று சொல்லவில்லை. தலை என்னுடையது, அவர் என்ன செய்வார்?

உணர்ச்சி கம்மியா? 2021-ல் லண்டன் விண்டம்ஸ் தியேட்டரில் ‘லியோபோல்ட்ஸ்டாட்’ ஓடிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! வியன்னாவில் ஒரு பெரிய யூதக் குடும்பம், 1899-ல் ஆரம்பித்து 1955 வரை. முதல் காட்சியில் மேடை கொள்ளாமல் தாத்தா பாட்டி அத்தை குழந்தைகள் கூச்சல், காட்சிக்குக் காட்சி ஆள் குறைந்து கடைசியில் மூன்றே பேர். அதில் ஒருவன் இங்கிலாந்தில் வெள்ளைக்காரப் பிள்ளையாகவே வளர்ந்து எல்லாவற்றையும் மறந்துபோனவன், அவனுக்குத் தன் கையிலிருக்கும் பழைய தழும்பு எப்படி வந்தது என்று ஞாபகம் வருகிற அந்த நிமிஷம், எனக்குத் தெரிந்துவிட்டது, அது அவரேதான், ஸ்டாப்பார்டேதான்! 1937-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லின் நகரத்தில் தோமாஷ் ஸ்ட்ராஸ்லராகப் பிறந்தவர்; அப்பா பாட்டா செருப்புக் கம்பெனியின் டாக்டர், ஆமாம், நாம் போட்டு நடந்த அதே பாட்டா; நாஜிகளுக்குத் தப்பிச் சிங்கப்பூர், அங்கே ஜப்பான்காரன் குண்டு, அப்பா போனார்; அம்மா இரண்டு பையன்களோடு இந்தியா வந்து டார்ஜிலிங்கில் பாட்டா கடையை நடத்தினார், பையன் அங்கேயே பள்ளிக்கூடம் போனான், பிறகு ஸ்டாப்பார்ட் என்ற ஆங்கிலேய மேஜரை அம்மா மணக்க 1946-ல் இங்கிலாந்து. தாத்தா பாட்டி நாலு பேரும் யூதர்கள், நாலு பேரையும் நாஜிகள் பலிவாங்கினார்கள் என்பது அவருக்கு முழுசாகத் தெரிந்ததே ஐம்பது வயது தாண்டின பிறகு. பூர்வீக ஊருக்குப் போனபோது ஒரு பெண்மணி தன் கையிலிருந்த தழும்பைக் காட்டினாராம், சின்ன வயசில் கண்ணாடி குத்திய காயம், தைத்தவர் இவருடைய அப்பா. அதைத் தொட்டுப் பார்த்தாராம். அந்தத் தழும்புதான் இங்கே மேடையில்! கடைசியில் குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதையும் சொல்ல, நான் விசும்பிய சத்தத்துக்கு முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார், பக்கத்துப் பாட்டியம்மா டிஷ்யூ நீட்டினார், வெட்கம் கெட்டு வாங்கிக்கொண்டேன்.

டார்ஜிலிங்கும் வீண்போகவில்லை. 1991-ல் ரேடியோவுக்கு ‘இன் த நேட்டிவ் ஸ்டேட்’ எழுதினார். 1930-ல் ஒரு சமஸ்தானத்துக்கு வரும் ஆங்கிலக் கவிஞர் ஃப்ளோராவை இந்திய ஓவியர் படம் வரைகிறார். அந்தப் படத்தை நாம் பார்க்கவே முடியாது, கேட்கிறோம்! நாடோடி நாடகக் குழு நடத்திய பெற்றோரோடு இந்தியாவில் வளர்ந்த ஃபெலிசிட்டி கெண்டல்தான் ஃப்ளோரா. அதையே 1995-ல் ‘இந்தியன் இங்க்’ என்று மேடைக்கு மாற்றினார். இரண்டில் எது ஒசத்தி என்று கேட்டால் எனக்கு ரேடியோதான், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களுக்கு: ‘ஆர்க்கேடியா’வில் வேண்டாம். ‘ஆர்ட்டிஸ்ட் டிசெண்டிங் எ ஸ்டேர்கேஸ்’ எங்கே கிடைத்தாலும் பிடியுங்கள், விளக்கை அணையுங்கள், போனைக் கவிழ்த்து வையுங்கள், கதைச்சுருக்கத்தைத் தேடிப் படிக்கவே படிக்காதீர்கள். முதல் நிமிஷம் காதில் விழும் சத்தங்களை மட்டும் நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.