ஒளி கசியாத குழல்

பித்தளையால் செய்யப்பட்டிருந்தாலும், சாக்ஸபோன் மரக்காற்றுக் கருவிகளின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் ஒலி டிரம்பெட்டில்போல உதடுகளின் அதிர்விலிருந்து பிறக்காமல், ஊதுவாயில் பொருத்தப்பட்ட ஒற்றை நாணற்சீவலின் அதிர்விலிருந்து பிறக்கிறது. பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிசில் காப்புரிமை பெற்ற இக்கருவி, ஊதுவாய்ப் பக்கம் குறுகி மறுமுனையில் விரியும் ஒரு கூம்புக்குழல். அதன் துளைகள் விரலால் நேரடியாக மூட முடியாத அளவுக்குப் பெரியவை. ஆகவே ஒவ்வொரு துளைக்கும் ஒரு கிண்ண மூடி, மூடிக்குள் மென்தோல் போர்த்திய கம்பளி வட்டு, மூடியை அசைக்கும் நெம்புகோல், அதை மீண்டும் பழைய நிலைக்குத் தள்ளும் ஊசி ஸ்பிரிங் என ஒரு முழு இயந்திரமே குழலின்மேல் ஏறி நிற்கிறது. பேட் எனப்படும் அந்தத் தோல்வட்டுகள் இருபதுக்கும் மேற்பட்டவை. பழைய சாக்ஸபோனைச் செப்பனிடுவது என்றால், பெரும்பாலும் இவை ஒவ்வொன்றையும் காற்று கசியாமல் அமரச்செய்வதுதான். பளபளப்பெல்லாம் அதற்குப் பிறகு.

கசிவு தான் இருக்கும் இடத்தில் மட்டும் தொல்லை தருவதில்லை. மேற்பகுதியில் ஒரு மூடி மயிரிழை அளவு திறந்து நின்றாலும் அதற்குக் கீழுள்ள சுரங்கள் அனைத்தும் தளர்ந்துபோகும். எல்லா மூடிகளும் மூடியிருக்க வேண்டிய கடைக்கோடி பி ஃபிளாட், உரக்க ஊதினால் எப்படியோ வந்துவிடும், மெல்ல ஊதினாலோ மேல் ஸ்தாயிக்குத் தாவும் அல்லது குழறும். தேர்ந்த கலைஞர் தம்மையறியாமலே விரல்களை அழுத்தியும் உதட்டை இறுக்கியும் இக்குறையை ஈடுகட்டிவிடுவதால், கருவியின் நோய் ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமலே இருக்கக்கூடும். அதனால் செப்பனிடுபவர் தம் காதை மட்டும் நம்புவதில்லை. இருட்டறையில் குழலுக்குள் ஒரு விளக்கை இறக்கி, மூடியை மெல்லத் தொட்டு அழுத்தி, விளிம்பில் எங்கேனும் ஒளி கீற்றாகத் தெரிகிறதா என்று பார்க்கிறார். அதிலும் ஐயம் தீராவிட்டால், சிகரெட்டுத் தாளின் ஒரு நறுக்கை மூடிக்கும் துளைக்கும் இடையே வைத்து இழுத்து, சுற்றிலும் பிடிப்பு ஒரே அளவில் இருக்கிறதா என்பதை விரல்நுனியால் அறிகிறார்.

இந்த வேலையின் அருமையைக் காண, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து எல்கார்ட் நகரில் கான் நிறுவனம் 1930களில் அறிமுகப்படுத்திய 10எம் என்னும் டெனர் சாக்ஸபோனை எடுத்துக்கொள்ளலாம். ஜாஸ் மேதை டெக்ஸ்டர் கார்டன் தம் இசைவாழ்வின் முற்பகுதியில் வாசித்தது இந்த மாதிரியைத்தான். இதன் பழைய பிரதிகளில் துளைகளின் விளிம்பு கூராக நிற்பதில்லை; தகடு வெளிப்புறமாகச் சுருட்டப்பட்டு, உருண்டு திரண்ட கரையாக அமைந்திருக்கிறது. தோலை வெட்டாத இந்த அகன்ற இருக்கை, 1940களின் பிற்பகுதியில் கான் நிறுவனமே கைவிட்டுவிட்ட ஓர் அழகான செலவு. ஆனால் கருவி எப்போதாவது கீழே விழுந்து விளிம்பு கோணியிருந்தால் அந்த அழகே வில்லங்கமாகிறது. சாதாரண விளிம்பைத் தட்டையான அரத்தால் ராவிச் சமன்செய்துவிடலாம். சுருட்டிய விளிம்பை ராவினாலோ சுருளின் மேல்தகடு தேய்ந்து, உள்ளிருக்கும் பொள்ளல் வாய்பிளந்துவிடும். ஆகவே பள்ளமான இடத்தைக் குழலின் உட்புறமிருந்து நெம்பி உயர்த்தியும், மேடான இடத்தைத் தட்டித் தணித்தும், உலோகத்தில் ஒரு துகளும் குறையாமல் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அரம் பட்ட கான் கருவியைக் கண்டு ரசிகர்கள் முகம் சுளிப்பது வெறும் மேட்டிமை அன்று.

விளிம்பு சமமான பின்னரே பேட் ஒட்டும் கட்டம் வரும். இதற்கு இன்றும் பலர் விரும்புவது அரக்கு; அதாவது, இந்தியக் காடுகளில் ஒரு பூச்சி மரக்கிளைகளில் சுரந்து வைப்பதும், நம் பொற்கொல்லர்கள் உள்ளீடற்ற நகைகளுக்குள் நிரப்புவதுமான அதே பொருளின் சுத்திகரித்த வடிவம். சூட்டில் இளகி ஆறியதும் இறுகும் அதன் குணம், திருத்தத்துக்கு எத்தனை முறையும் இடம்கொடுக்கிறது. மூடியின் புறத்தே சிறு சுடரைக் காட்டியதும் உள்ளே அரக்கு இளகி, பேட் அதன்மேல் மிதக்கத் தொடங்கும். மெல்லிய தகடொன்றால் ஒளி கசிந்த பக்கத்தை இம்மியளவு தூக்கி, ஆறும்வரை காத்திருந்து, மறுபடி விளக்கில் பார்க்கவேண்டும். பொறுமை குறைந்தவர் இந்த இடத்தில் மூடியைப் பலமாக அழுத்திக் கட்டி, தோலில் ஆழமான வளையத்தடத்தைப் பதித்து ஒளியை மறைத்துவிடுவார். அப்படிச் செப்பனிட்ட கருவி கடையை விட்டுக் கிளம்பும் நாளில் நன்றாகவே பாடும். கம்பளி ஈரம் குடித்து உப்பியதும் பழையபடி திணறும்.

மூடி செம்மையாக அமர்ந்தாலும், அதைத் தாங்கும் கீல்குழாய் தேய்ந்து ஆடினால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் போய் அமரும். தேய்ந்த குழாயைத் தனிவகை இடுக்கியால் சுற்றிலும் நெருக்கி, உலோகத்தை நீளவாக்கில் சிறிது ஓடவிட்டு, ஆட்டத்தை ஒழிப்பது பார்ப்பவருக்கு முற்றிலும் தெரியாத வேலை. வலக்கையின் முதல் மூன்று விரல்களில் எதை அழுத்தினாலும், அதற்குரிய மூடியோடு மேலிருக்கும் எஃப் ஷார்ப் மூடியும் ஒரே கணத்தில் மூடவேண்டும். அந்த உடன்பாடு இடையே ஒட்டிய தக்கைத் துண்டின் தடிமனைப் பொறுத்தது என்பதால், உப்புத்தாளால் தேய்ப்பதும் விளக்கில் பார்ப்பதுமாகவே பல மணிநேரம் கழியும்.

உள்ளே உருளைத்தலைக் கம்பிகளைச் செலுத்தி ஒடுக்கெடுப்பது இவற்றோடு ஒப்பிட நேரான வேலை. மேற்பூச்சு அப்படி அன்று. லாக்கர் எனப்படும் பழைய மெருகுப்பூச்சு திட்டுத்திட்டாக உதிர்ந்திருந்தால், சக்கரத்தில் தேய்த்துப் புதுப்பூச்சு ஏற்றச்சொல்லும் உரிமையாளர்கள் இன்றும் உண்டு. அந்தச் சக்கரம் பூச்சோடு பித்தளையையும் அரிக்கிறது. 10எம்மின் மணிவாயில் செதுக்கிய பெண்முகத்தின் கண்ணும் இதழும் மழுங்குகின்றன. இவ்வாறு புதுக்கிய கருவி, அழுக்கேறிய அசல் பூச்சோடு கூடியதைவிடக் குறைந்த விலைக்கே போவதில் சந்தையின் தீர்ப்பும் ரசனையின் தீர்ப்பும் ஒன்றுபடுகின்றன.

கடைசியாக, பேட்டின் நடுவே பொருத்தும் ரெசனேட்டர் என்னும் வட்டத்தகடு. தோல் ஒலியை உறிஞ்சும், உலோகம் திருப்பியனுப்பும். எனவே தகடு பெரிதாகப் பெரிதாக நாதம் கூர்மை பெறுகிறது. 1920களின் கருவிகள் பலவற்றில் நடுவே ஒரு சிறு ரிவெட் மட்டுமே இருந்தது. கானின் அகன்ற, இருண்ட நாதத்தை விரும்பி வாங்கியவரே அதில் பெரிய குவிந்த தகடுகளைப் பதிக்கச்சொல்வதும் நடக்கிறது. அவர் தேடும் கூர்மைக்கு, புதிதாக வந்த ஒரு கருவி இன்னும் குறைந்த செலவில் போதும்.