ஐம்பது பாகத்திலிருந்து அறுநூறு மீட்டர் வரை

பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வார இறுதிகளில் கூடும் பழம்பொருள் சந்தைக்குப் போகிறவர்கள், பழைய முக்குளிப்புக் கடிகாரத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்பது விலையை. நான் முதலில் கேட்பது, அது யாருடைய எந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்தது என்று. இக்கடிகாரங்களின் மரபுகள் பிரிவது அந்த இடத்தில்தான்.

மூத்தது பிரெஞ்சுக்காரர்கள் கேட்டு, சுவிஸ்காரர்கள் செய்த மரபு. பிரெஞ்சுப் போர் முக்குளிப்பாளர்களான ராபர்ட் மலூபியேவும் க்ளோட் ரிஃபோவும் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தாங்களே வகுத்தார்கள்: கறுப்பு டயல், பெரிய குறிகள், இருளில் ஒளிரும் முட்கள், நீரில் கழிந்த நிமிடங்களைக் காட்டும் சுழல் வளையம். தாமும் முக்குளிப்பவரான, பிளாங்பான் கடிகார நிறுவனத்தின் தலைவர் ஷான்-ஷாக் ஃபீஷ்டர் 1953-இல் அதைச் செய்து கொடுத்தார். 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்' என்ற பெயரே அதன் ஆழம்: ஐம்பது பாகம், ஏறத்தாழ 91 மீட்டர். ரோலெக்ஸ் சப்மரைனர் அடுத்த ஆண்டு பாசல் கண்காட்சியில் அறிமுகமானது. 1967-இல் டோக்ஸா, கலங்கிய நீரிலும் தெரிய ஆரஞ்சு டயல் வைத்தது.

அறுபதுகளில் வேறொரு சிக்கல் எழுந்தது. ஆழ்கடல் வேலைக்காரர்கள் நாள்கணக்கில் ஹீலியம் கலந்த அழுத்த அறைகளில் தங்கினார்கள். நுண்ணிய ஹீலியம் கடிகாரத்துக்குள் புகுந்துவிடும். அறையின் அழுத்தம் குறையும்போது வெளியேற வழியின்றிக் கண்ணாடியைப் பிடுங்கி எறியும். ரோலெக்ஸின் சீ-டுவெல்லர் பக்கவாட்டில் ஒரு வால்வு வைத்து வாயுவை வெளியேற்றியது. மார்சேய் நகரின் கோமெக்ஸ் நிறுவன முக்குளிப்பாளர்கள் கட்டியவை இவ்வகையே. அந்தப் பெயர் பொறித்த டயலுக்கு இன்று பெரும் விலை. போலிகளும் அதற்கேற்பப் பெருகிவிட்டன. ஆவணம் இல்லாத கோமெக்ஸ் டயலை நான் நம்புவதில்லை.

என் முதலிடம் ஜப்பானிய மரபுக்கு. 1968-இல் குரே நகர முக்குளிப்பாளர் ஒருவர், இருக்கும் கடிகாரங்கள் தம் வேலைக்குத் தாங்கவில்லை என்று சைகோவுக்கு எழுதினார். ஏழு ஆண்டு உழைப்புக்குப் பின் 1975-இல் 600 மீட்டர் தாங்கும் டைட்டானியம் கடிகாரம் வந்தது. அதில் வால்வே இல்லை. ஹீலியம் உள்ளே நுழையாதபடி ரப்பர் அடைப்பையே மாற்றி அமைத்திருந்தார்கள். புகுந்ததை வெளியேற்றுவதைவிடப் புகாமல் தடுத்தது எனக்கு உயர்ந்த பொறியியலாகப் படுகிறது.

முக்குளிப்புக் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 தரம் 1982-இல் வந்தது: குறைந்தது 100 மீட்டர், குறித்த அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலான சோதனை, இருட்டில் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து படிக்க முடிய வேண்டும். சேகரிப்போர் போற்றும் கடிகாரங்களில் பல அதற்கு முந்தியவை. அவற்றுக்கு அளவுகோல் அசல்தன்மையே. டயலை ஒளிரவைக்கும் பூச்சில் உள்ள டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள்; ஆகவே அறுபதுகளின் டிரிட்டியம் டயல் இன்றும் பளிச்சென்று ஒளிர்ந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கெடாத டயல் அரிது. மங்கியிருந்தாலும் அதுவே மதிப்பு. பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பழுதுபார்க்கக் கொடுத்தால், பாலிஷ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூர்விளிம்புகள் தேய்ந்தால் திரும்பி வராது.

கைக்கு எட்டும் விலையில் தொடங்க விரும்புவோருக்கு எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த சைகோ 6309 போதும். அதில் வேற்று டயல் மாற்றிய ஒட்டுக் கடிகாரங்கள் ஏராளம் என்பதால், பின்மூடியைப் படித்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும். வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 7 என்றிருந்தால் 1977 ஆகலாம், 1987 ஆகலாம். டயலின் அடிவிளிம்பில் உள்ள குறியீட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெளியும்.