ஐயுறாதவாறு புகுதல்

பயணம் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பலப்பல. ஆயினும், ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டினுள் காலடி வைக்கும் அந்தச் சில மணித்துளிகளை நம்மவர் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். சோதனைகள் முடிந்து வெளியே வந்தோம் என்ற ஒரு தொடர் வருகிறது. அடுத்த வரியில் கோயில் கோபுரமோ கடைத்தெருவோ வந்துவிடுகிறது. கடப்பிதழைக் கையில் ஏந்திக் கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் அதிகாரியின் முகத்தை நோக்கித் தனியே நிற்கும் மனிதனின் நெஞ்சில் என்ன நிகழ்கிறது என்பதை எழுதியோர் மிகச் சிலரே. இக்குறை எங்கிருப்போரை உறுத்தாவிடினும் ஜொகூரில் வாழும் நம்மை உறுத்த வேண்டும்.

ஏனெனில் நம் வாழ்வே ஒரு வாயிலின் அருகில் நடைபெறுவது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924 ஜூன் 28ஆம் நாள் முறையாகத் திறக்கப்பெற்றது. நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். 1942 ஜனவரி 31இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதன் ஒரு பகுதியைத் தகர்த்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டது. 1965 ஆகஸ்டு 9இல் சிங்கப்பூர் பிரிந்தது. 1967இல் முதலில் சிங்கப்பூரும் பின்னர் மலேசியாவும் பாலத்தின் இரு முனைகளிலும் குடிநுழைவுச் சோதனையைத் தொடங்கின. கல்லும் தாரும் மாறவில்லை. ஆனால் நேற்றுவரை தெருவாக இருந்தது அன்று முதல் எல்லையாயிற்று. இன்று விடியற்காலை நான்கு மணிக்கே அதைக் கடந்து வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர்.

எல்லைச் சாவடி தமிழிலக்கியத்திற்குப் புதிய பொருள் என்று எவரேனும் கூறின் அது பொருந்தாது. பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகளைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் இரண்டிலும் சுங்கத்தைக் காட்டுகிறார். பெரும்பாணாற்றுப்படையில், மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகர் செல்லும் பெருவழியும், அங்கு உல்கு பெறுமிடத்தை வில்லேந்தியோர் காவல் புரிவதும் வருகின்றன. பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சுங்கம் கொள்வோர், கதிரவனின் தேரில் பூட்டிய குதிரைகளைப் போல ஓய்வின்றி உழைக்கின்றனர். ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் குவிந்த அளவிறந்த பண்டங்களின் மீது சோழனின் புலிப்பொறியைப் பதிக்கின்றனர். நம் கடப்பிதழில் விழும் முத்திரைக்கு இதைவிடப் பழைய முன்னோடி வேண்டுமா? திருக்குறளும் உல்குபொருளை அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக எண்ணுகிறது. உல்கு என்பதற்குச் சுங்கம் என்றே பரிமேலழகர் பொருள் உரைக்கிறார்.

ஆனால் ஒன்றை மாணவர்க்குச் சுட்டிக்காட்டல் வேண்டும். உருத்திரங்கண்ணனார் சாவடியை அரசின் பக்கத்திலிருந்து காண்கிறார். அவர் வியப்பது காவலின் திறத்தையும் செல்வத்தின் பெருக்கையும். பொதியின் மேல் பொறி விழுகிறது. பொதிக்கு உரியவன் என்ன நினைத்தான் என்பது பாட்டில் இல்லை. அது பாட்டின் குறையன்று. மன்னனைப் பாட வந்த பாட்டு அது.

நடப்பவன் பக்கத்திலிருந்து வாயிலைக் கண்டவர் இளங்கோவடிகள். ஊர்காண் காதையில் கோவலன், கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு, மதுரையைக் காணத் தனியனாகச் செல்கிறான். கோட்டை வாயிலை வாளேந்திய யவனர் காக்கின்றனர்: அயல்மொழியினர், அயல்முகத்தினர். அவர்கள் ஐயுறாதவாறு அவன் உள்ளே புகுந்தான் என்கிறார் அடிகள். ‘அயிராது’ என்ற ஒற்றைச் சொல்தான். அதற்கு மேல் விரிவுரை இல்லை. குற்றம் ஏதும் செய்யாத ஒருவன், பெருங்குடி வணிகன் மகன், ஒரு நகரத்தினுள் நுழைவதற்கு ஏன் ஐயுறாதவாறு புக வேண்டும்? நடையைத் திருத்திக்கொண்டானா? முகத்தில் துயரம் தெரியாமல் மறைத்தானா? சற்று முன்புதான் கவுந்தியடிகளின் முன் தன் இழிநிலையைச் சொல்லி வருந்தியவன் அவன். அந்த மனத்தோடு வாயிலை அணுகுகிறான். அச்சொல் நமக்குள் எழுப்பும் கேள்விகளே அதன் ஆற்றல்.

அடுத்து வரும் அடைக்கலக் காதையை இதனோடு வைத்துப் படித்தால் மற்றொன்றும் விளங்கும். மாதரியோடு கண்ணகி செல்லும்போது இளங்கோ மதிலின் போர்ப்பொறிகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறார்: தானே எய்யும் வில், குரங்கு வடிவப் பொறி, கொதிக்கும் நெய் முதலியன. கேட்போர்க்கு நடுக்கம் தரும் பட்டியல். ஆனால் அங்கே ஐயம் என்ற பேச்சே இல்லை. ஏனெனில் கண்ணகி தனியே செல்லவில்லை. அவ்வூர் அறிந்த இடைக்குல மகளிர் சூழச் செல்கிறாள். தனியாகச் சென்றவனுக்கே அந்தச் சொல் தேவைப்பட்டது. வாயிலின் கொடுமை மதிலில் இல்லை. துணையில்லாமையில்தான் உள்ளது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2023 டிசம்பர் முதல் நாளிலிருந்து இந்தியக் குடிமக்கள் விசா இன்றி மலேசியாவில் முப்பது நாள் தங்க இசைவு அளிக்கப்பட்டது. தமிழ்நாட்டுத் தாய் ஒருவர், ஜொகூரில் வாழ்க்கைப்பட்ட மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக வருகிறார் என்று கொள்வோம். பேறு நிகழ்வதற்கு முன்பே வந்துவிட்டமையால், குழந்தைக்கு முப்பதாம் நாள் தீட்டுக் கழிக்கும் முன்னரே அனுமதி நாள்கள் தீர்ந்துபோகின்றன. நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம், கிடைக்கும் என்னும் உறுதி இல்லை. நாட்டை விட்டு வெளியேறித் திரும்பி வந்தால் மீண்டும் நாள் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டார் சொல்கின்றனர். எதிரே தெரியும் சிங்கப்பூர் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் இந்தியக் கடப்பிதழ் உடையோர் அங்குச் செல்ல முன்கூட்டியே விசா பெறல் வேண்டும். தாய்லாந்தோ 2023 நவம்பரில் இந்தியருக்கு விசா விலக்கு அளித்தது. ஆகவே, கண்ணெதிரே உள்ள எல்லையை விட்டுவிட்டு, 750 கிலோமீட்டருக்கும் அப்பால் கெடா மாநிலத்து புக்கிட் காயு ஈத்தாமுக்கு அவர் செல்ல வேண்டியவராகிறார். மருமகனுக்கு விடுப்பு இல்லை. மகள் பத்தியத்தில் இருக்கிறாள். லார்க்கின் பேருந்து நிலையத்தில் இரவு வண்டி ஏறுகிறார்.

அந்த இரவில் அவர் உறங்கமாட்டார். விடை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். யாரைப் பார்க்க வந்தீர்? மகளை. எத்தனை நாள்? ஏன் நேற்றுப் போய் இன்று வருகிறீர்? இங்கே நா தடுமாறும். சொல்வது மெய்தான், ஆனால் பலமுறை ஒத்திகை பார்த்த மெய், பொய்யின் குரலைப் பெற்றுவிடுகிறது. விடியும்போது பைகளோடு இறங்கி வரிசையில் நிற்பார். எல்லையைத் தாண்டியதும் கைக்கடிகாரம் ஒரு மணி நேரம் முந்திக்கொண்டிருக்கும். தானோக் என்னும் அச்சிற்றூரில் அவருக்கு எந்த வேலையும் இல்லை. திரும்பி வரும் வரிசையே உண்மையான வரிசை. மீண்டும் முப்பது நாள் பெறுவது அவருடைய உரிமையன்று. அது முகப்பில் இருக்கும் அதிகாரியின் முடிவு. அனுமதி கடந்து தங்கினாலோ, குடிநுழைவுச் சட்டப்படி பதினாயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பேரக்குழந்தையைக் குளிப்பாட்ட வந்த மூதாட்டி இந்த எண்களைச் சுமந்துகொண்டு நிற்கிறார். (குடிநுழைவு என்பது மலேசியத் தமிழ் ஆக்கிய நல்ல சொல். ஆனால் குடியாக நுழைய எண்ணாதவர்களும் அப்பெயர்ப் பலகையின் கீழேதான் நிற்க வேண்டியிருக்கிறது.)

இதைக் கதையாக எழுத முற்படும் நம்மவர் என்ன செய்வர்? பெரும்பாலோர் அதிகாரியைக் கொடியவராக்கிவிடுவர். அவர் உறுமுவார், கையூட்டுக் கேட்பார், தாய் அழுவார், வாசகனும் அழுவான். இது எளிய வழி. ஆதலின் தவறான வழி. அந்த அதிகாரிக்கும் ஒரு கடமை உண்டு. வருகை அனுமதியில் வந்து மறைவாக வேலை செய்வோரும் அதே வரிசையில்தான் வருகின்றனர். அவர்களும் ‘மகளைப் பார்க்க’ என்றே கூறுவர். எவர் மெய்யர், எவர் பொய்யர் என்று ஒரு நிமிடத்தில் தெளிய வேண்டியவர் அவர். அவரை மரியாதையுள்ள மனிதராகவே எழுதினாலும் தாயின் நடுக்கம் குறையாது, மாறாக மிகும். கொடியவர் எதிரே நின்றால் வெறுப்பில் ஒளிந்துகொள்ளலாம். கண்ணியமானவர் எதிரே நின்றால் ஒளிய இடமில்லை.

நம் பழைய எழுத்துகளிலும் இந்த இடம் வெற்றிடமாகவே உள்ளது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தது. மேடானிலிருந்து பினாங்குக்குத் தொங்கானில் செல்வோர் நடுக்கடலில் புயலைச் சந்திக்கும் பகுதி தமிழுரைநடையின் உச்சங்களில் ஒன்று. ஆயினும் அங்கே எதிரி கடல். அலைக்கு அஞ்சுவதில் நாணம் இல்லை. எல்லோரும் சேர்ந்தே அஞ்சலாம். முகப்பின் முன்னே தோன்றும் அச்சமோ நாணத்தோடு கலந்தது. பிறரோடு பகிர்ந்துகொள்ள இயலாதது.

சயாம் மரண ரயிலின் கதை இன்னும் வேறு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்காக ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை வடக்கே ஏற்றிச் சென்றனர். பல்லாயிரவர் மாண்டனர். ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் அத்துயரை நாவல்களாக்கினர். அம்மக்கள் சயாம் எல்லையைக் கடந்தபோது அவர்களிடம் யாரும் கடப்பிதழ் கேட்கவில்லை. மலாயாத் தமிழரின் மிகக் கொடிய எல்லைக் கடப்பு கேள்வியே கேட்கப்படாமல் நிகழ்ந்தது என்பதையும் வகுப்பில் பேசலாம்.

பின்னர், குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என 1968ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தபோது, பல்லாயிரவர் தோட்டங்களை விட்டு இந்தியா சென்றனர். அக்காலம் பற்றி நான் படித்த கதைகளில் துறைமுகமும் ரஜூலா கப்பலும் கையசைப்பும் உண்டு. சிவப்பு அடையாள அட்டையும் உண்டு. அலுவலகத்தின் மர விசுப்பலகையில் அமர்ந்து பெயர் அழைக்கப்படக் காத்திருந்த அந்தப் பகல் பொழுதைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பிரிவை எழுதத் தமிழில் பாலைத்திணை என்னும் பெருஞ்செல்வம் இருக்கிறது. காத்திருப்புக்கும் முல்லை இருக்கிறது. ஆனால் அது தலைவனுக்காகக் காத்திருப்பது, முத்திரைக்காக அன்று.

மாணவர் கட்டுரைகளைத் திருத்துகையில் ‘என் தந்தை சிங்கப்பூரில் வேலை செய்கிறார்’ என்ற வரியை அடிக்கடி காண்கிறோம். அடுத்த வரி பெரும்பாலும் அவர் நல்லவர், என்னை அன்போடு வளர்க்கிறார் என்பதாக இருக்கும். அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், பாலத்தில் எத்தனை நேரம் நின்றார், மோட்டார் சைக்கிள் வரிசையில் மழை பெய்தால் என்ன செய்தார் என்று கேட்டுவிட்டு வந்து எழுதுமாறு பணிக்கலாம். கேட்டால் பிள்ளைகள் எழுதுவர். அத்துடன் ஊர்காண் காதையைக் கற்பிக்கும்போது அந்த ஒரு சொல்லில் வகுப்பைச் சற்று நிறுத்தலாம்.

நிறுத்தினால் காப்பியத்தின் பிற்பகுதியும் வேறு விதமாய்த் தோன்றும். முதல் நாள் வாளேந்திய அயலார் அவனை ஐயுறவில்லை. ஊரைச் சுற்றிப் பார்த்து மீண்டு, மதுரையின் பெருமையைக் கவுந்தியடிகளிடம் உரைக்கிறான். பின்னர்ச் சிலம்பை விற்கப் புறப்படும்போது எதிரே வருவது காவலன் அன்று, ஓர் ஏறு. அது தீய நிமித்தம் என்பதை அவன் குலத்தார் அறியார்; ஆதலின் அவன் நடந்துகொண்டே இருக்கிறான். ஐயம் வாயிலில் எழவில்லை. கடைவீதியில், அவனை வணங்கி நின்ற பொற்கொல்லனிடத்திலிருந்து அது புறப்படுகிறது. அதை ஆராயாமல் ஏற்றுக்கொண்டவன் மன்னன். யவனக் காவலர் அதன்பின் கதையில் எங்கும் பேசப்படவில்லை.