பரணில் இன்னொரு ஆள்

அமெரிக்க வேட்டை வீடியோ ஒன்று பார்த்தால் நூறு பார்த்த மாதிரி. இலைதழை அச்சடித்த சட்டையோடு ஒரு ஆசாமி மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்து கிசுகிசுப்பார். மான் வரும். அம்பு பாயும். அதையே ஸ்லோமோஷனில் மூன்று தடவை காட்டுவார்கள். அப்புறம் விழுந்த மானின் கொம்பைப் பிடித்துக்கொண்டு வில் இந்தக் கம்பெனி, அம்பு அந்தக் கம்பெனி, மனித வாடையை மறைக்கிற ஸ்ப்ரே இன்னொரு கம்பெனி என்று நாமாவளி. வேட்டை சரியா தப்பா என்று சண்டை போட நிறையப் பேர் இருக்கிறார்கள். பி.காம். படித்த எனக்கு உறுத்துவது வேறு. அதே மரத்தில் கேமராவோடு இன்னொருத்தர் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு என்ன சம்பளம்?

சேனல்தானே நிகழ்ச்சிக்குக் காசு கொடுக்கும்? அவுட்டோர் சேனல் மாதிரி இடங்களில் பல நிகழ்ச்சிகளுக்குத் தலைகீழ். தயாரிப்பாளர்தான் பணம் கட்டி அரை மணி நேரத்தை வாங்குவார். (நம்ம மெகா சீரியல்காரர்களுக்குப் பழகின ஏற்பாடு.) கட்டியதை வில், துப்பாக்கி கம்பெனிகளிடம் விளம்பரமாக வசூலிக்க வேண்டும். வசூல் குறைந்தால் எங்கே கை வைப்பது? சேனலிடம் கடன் சொல்ல முடியாது. ஆட்களிடம் சொல்லலாம். வேட்டைக்குக் கூட்டிப்போகிறவரிடம், 'உங்க இடத்தை டி.வி.யில காட்டறோம்' என்பார்கள். 'புரோ ஸ்டாஃப்' என்று பட்டம் கொடுத்து இளைஞர்களுக்குத் தள்ளுபடி விலையில் ஒரு வில், ஓசியில் ஒரு தொப்பி. பதிலுக்கு அவர்கள் போகிற இடமெல்லாம் அந்த பிராண்டைப் புகழ வேண்டும். தொப்பியைக் கொடுத்து வீட்டு வாடகை கட்ட முடியுமா?

கேமராக்காரர் பெரும்பாலும் நாள் கூலிக்கு வருகிறவர். விடியுமுன் ஏறினால் இருட்டித்தான் இறங்குவார். மான் வராத நாளும் அவருக்கு வேலை நாள்தான். ஆனால், மான் விழாத எபிசோடுக்கு மவுசு இல்லை.

ராக் பாடகர் டெட் நூஜென்ட் 2009-ல் தன் டி.வி. நிகழ்ச்சிக்காக அலாஸ்காவில் வேட்டையாடினார். ஒரு கருங்கரடி அம்பு பட்டுத் தப்பியது. சில நாளில் இன்னொன்றைக் கொன்றார். அந்தப் பகுதி விதிப்படி காயம்பட்டதும் கணக்கில் சேரும். அனுமதியோ ஒன்றே ஒன்றுக்குத்தான். விதி தெரியாது என்றார். 2012-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 10,000 டாலர் அபராதத்துக்கும் சம்மதித்தார்.

அந்த வழக்கை விடுங்கள். பொதுவாக யோசிச்சுப் பாருங்க. நடுக்காட்டில் நடப்பதற்குச் சாட்சி கேமராக்காரர் ஒருத்தர்தான். 'சார், இது சட்டப்படி தப்பு, நான் எடுக்க மாட்டேன்' என்று அவர் சொல்ல வேண்டுமானால், சொன்ன பிறகும் அன்றைய கூலி கைக்கு வரும் என்ற தைரியம் வேண்டும். அடுத்த வாரம் கூப்பிடுவார்களா என்றே தெரியாதவர் வாயைத் திறப்பாரா?

ஓசியில் பொருள் வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் அதை வெளியே சொல்லிவிட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009-லேயே தெளிவாக்கியது. பார்க்கிற வாடிக்கையாளருக்கு அந்தப் பாதுகாப்பாவது இருக்கிறது. படம் எடுக்கிறவருக்கு? நாள் கூலி இவ்வளவு, மான் வராவிட்டாலும் உண்டு, பரணிலிருந்து விழுந்தால் வைத்தியச் செலவு நம்முடையது. தயாரிப்பாளர் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறாரா என்று செக்கில் கையெழுத்துப் போடுமுன் அம்பு கம்பெனி ஒரு வார்த்தை கேட்கலாம். வருஷக் கடைசியில் அதே கம்பெனி ஆடிட்டர் கேட்கிற கேள்விகளைவிட இது ஒன்றும் கஷ்டமில்லை.