பெயரிழந்த வீதிகள்: பழைய புகைப்படங்களும் இடம் காணும் திறனாய்வும்

1

பழைய நகரப் புகைப்படமொன்றைக் கையிலெடுப்போர் முதலில் எழுப்பும் வினா, 'இது எந்த இடம்?' என்பதாகும். மிக எளிதாகத் தோன்றும் இவ்வினா, உண்மையில் வரலாற்றுத் திறனாய்வின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. ஆயினும், பழைய வீதிப் படங்களைத் தொகுத்து வெளியிடும் நூல்கள் பலவற்றில் இவ்வினா விடை காணப்பட்டதொன்றாகவே கொள்ளப்படுகின்றது. படத்தின் கீழே ஓர் இடப்பெயரும் ஓர் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். வாசகர் அதனை ஐயமின்றி ஏற்றுக்கொண்டு, போய்விட்ட காலத்தை எண்ணிப் பெருமூச்செறிவர். ஆய்வு செய்ய வேண்டிய இடத்தைப் பழமைப் பற்று நிரப்பிவிடுகின்றது.

படத்தின் கீழுள்ள பெயர் படத்தின் பகுதியன்று. அது பின்னர் ஒருவர் சேர்த்த கூற்று. இந்த வேறுபாடு தமிழ் மாணவருக்குப் புதியதன்று. புறநானூற்றுப் பாடல்களின் கீழே பாடினோர், பாடப்பட்டோர், திணை, துறை ஆகியவற்றைக் கூறும் பழங்குறிப்புகள் உள்ளன. அவை பாடலோடு ஒருங்கே பிறந்தவையல்ல என்பதும், தொகுத்தோரோ பிற்பட்டோரோ சேர்த்தவை என்பதும் ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியனவே. எனினும் அக்குறிப்புகளை முற்றாகத் தள்ளிவிட்டுச் சங்க கால வரலாற்றை எழுதவும் இயலாது. பாடலின் அகச்சான்றோடு ஒப்புநோக்கி, எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை எனத் துணிவதே நெறி. புகைப்படத்துக்கும் நெறி இதுவே. படம் மூலபாடம், தலைப்புக் குறிப்பு பழங்குறிப்பு.

இதனால், படத்துக்குப் பெயர் வேண்டியதில்லை என்பது பெறப்படாது. 1931ஆம் ஆண்டு புகைப்படக்கலையின் வரலாறு பற்றி எழுதிய வால்டர் பெஞ்சமின், தலைப்புக் குறிப்பே படத்தின் இன்றியமையாத கூறாக ஆகிவிடாதா என வினவினார். பெயரற்ற படம் எப்பொருளையும் ஏற்கும். தவறான பெயர் பெற்ற படமோ பொய்ச்சான்றாகும். ஆகவே பெயரிடும் செயல் பொறுப்புள்ள செயலாதல் வேண்டும்.

2

படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்ற நம்பிக்கையை முதலில் சோதித்தல் தகும். இதற்கு வீதிப் புகைப்படங்களுள் மிகப் பழையனவற்றுள் ஒன்றே போதும். 1838ஆம் ஆண்டு லூயி டகேர் பாரிஸ் நகரில் தமது 'டயோராமா' காட்சிக்கூடத்தை ஒட்டிய இருப்பிடத்தின் உயரத்திலிருந்து 'பூல்வார் து தாம்ப்ள்' எனும் அகன்ற வீதியைப் படமெடுத்தார். நாடக அரங்குகள் செறிந்திருந்த அவ்வீதி, மக்களும் வண்டிகளும் ஓயாது இயங்கிய வீதி. ஆயின் படத்திலோ அது வெறிச்சோடிக் கிடக்கின்றது. தகட்டில் ஒளி பதிவதற்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தமையால், அசைந்தன யாவும் பதியாது மறைந்தன. சப்பாத்துத் துடைப்பவனுக்குக் காலை நீட்டி நின்ற ஒருவரின் உருவமும், குனிந்திருந்த தொழிலாளியின் மங்கிய உருவமுமே தெளிவாக எஞ்சின.

இப்படத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. டகேரின் முறையில் உருவானவை கண்ணாடியிற் கண்டாற் போல இடம் வலம் மாறிய படங்கள். வீதியின் வளைவும் வீடுகளின் வரிசையும் எதிர்ப்புறமாகவே தகட்டில் உள்ளன. பழைய நகர வரைபடத்தோடு இதனை நேரே ஒப்பிடுபவர் வீதியின் ஒரு புறத்தை மறுபுறமாகக் கொள்வார். பிற்காலத்துக் கண்ணாடி எதிர்ப்படங்களிலும், அச்சிடுகையிற் பக்கம் மாறிவிட்டால் இதே வழு நேரும். கடைப்பலகை எழுத்துக்கள் தலைகீழாகத் தோன்றினால் வழு உடனே வெளிப்படும். எழுத்தில்லாத வீதியில் அது மறைந்தே கிடக்கும். ஆகவே 'எந்த இடம்' எனக் கேட்குமுன், 'இப்படம் எவ்வாறு உண்டாயிற்று' எனக் கேட்டல் வேண்டும்.

டகேரின் வீதியும் நிலைக்கவில்லை. 1862இல் அவ்வீதியின் அரங்குகளிற் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. படத்தை இன்று நாம் அடையாளங் காண்பது கட்டடங்களை நேரிற் கண்டு அன்று. டகேரின் இருப்பிடம், பழைய வரைபடங்கள், எழுத்துச் சான்றுகள் ஆகியவற்றின் துணைகொண்டேயாகும்.

3

அவ்விடிப்பின் பின்னணி இங்கு மனங்கொள்ளத்தக்கது. 1853 முதல் 1870 வரை சேன் மாவட்டத்தின் ஆட்சித்தலைவராக இருந்த ஒஸ்மான், பழைய பாரிசை ஊடறுத்து நேரிய பெருவீதிகளை அமைத்தார். அதே நகராட்சியே, அழியவிருந்த ஒடுங்கிய தெருக்களைப் பதிவு செய்யும் பணியைச் சார்ல்ஸ் மார்வில் என்பாரிடம் ஒப்படைத்தது. அவர் 1860களின் பிற்பாதியில் நானூற்றுக்கு மேற்பட்ட தெருப்படங்களை எடுத்தார். கல் பாவிய ஒழுங்கைகள், அவற்றின் நடுவே ஓடும் கழிவுநீர் வாய்க்கால், சுவரெங்கும் விளம்பரங்கள் ஆகியன அப்படங்களிற் காணப்படுகின்றன.

இடம் காணும் நோக்கில் மார்விலின் படங்கள் பெரும்பாலும் தெளிவானவை. இன்ன தெரு, இன்ன தெருவிலிருந்து பார்த்தது என்று குறிக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். ஆனால் அத்தெளிவு எங்கிருந்து வந்தது? தெருவை இடிப்பதற்கு அதன் அளவையும் எல்லையையும் அறிந்திருந்த நிருவாகத்திடமிருந்து வந்தது. தெருவின் பெயர் செம்மையாக உள்ளது. அங்கு வாழ்ந்து வெளியேற்றப்பட்டோரின் பெயர் இல்லை. நீண்ட நேர ஒளிப்பதிவில் அவர்கள் படத்திலும் பெரும்பாலும் இல்லை. ஆளற்ற தெருவைக் காண்பவர் அதனைப் பாழடைந்த இடமெனக் கருதி, இடித்தது தகுமென்றே எண்ணக்கூடும். இடத்தைச் சரியாகக் கண்டபின்னரும் திறனாய்வு முடிவதில்லை என்பதை இது காட்டும்.

1871ஆம் ஆண்டு மே மாதம், பாரிஸ் கொம்யூனின் இறுதி நாட்களில், நகர மண்டபம் தீக்கிரையாயிற்று. அங்கிருந்த நூலகமும் ஆவணங்களும் அழிந்தன. அதன்பின், மறைந்த தெருக்கள் பலவற்றுக்குப் புகைப்படமே முதன்மைச் சான்றாக மாறியது. ஆவணம் அழிந்த ஊரில் படத்தின் பெயரிற் பிழை நேர்ந்தால், அதனைத் திருத்த வேறு சான்று எளிதிற் கிட்டாது.

4

நகராட்சியின் தேவைக்காகப் பெயரிடப்பட்ட படங்கள் பாரிசுக்குரியன. விற்பனைக்காகப் பெயரிடப்பட்ட படங்களுக்குக் கொழும்பு தக்க எடுத்துக்காட்டாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஸ்கீன், பிளாட்டே முதலிய நிறுவனங்கள் எடுத்து விற்ற படங்களும் அஞ்சலட்டைகளும் பெருமளவிற் கப்பற் பயணிகளுக்காக ஆக்கப்பட்டவை. அவற்றின் குறிப்புகள் சுருக்கமானவை. எனவே அகச்சான்று இங்கே கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றது.

கொழும்பின் படங்களுக்குக் கால எல்லை வகுக்க உதவும் நிலையான அடையாளங்கள் சில உள. கோட்டை மதில்கள் தென்படின் அப்படம், அவை இடிக்கப்பட்ட 1870ஆம் ஆண்டளவுக்கு முற்பட்டதாகும். சத்தாம் வீதிச் சந்தியின் மணிக்கூட்டுக் கோபுரம் 1857இல் நிறைவெய்தியது. 1867இலேயே அதன் உச்சியில் வெளிச்சவீட்டு விளக்கு ஏற்றப்பட்டது. எனவே கோபுரமிருந்து விளக்கில்லாத படம் அப்பத்தாண்டுக்கு உரியது எனத் துணியலாம். சூழவெழுந்த உயர்ந்த கட்டடங்கள் ஒளியை மறைத்தமையால் 1952இல் விளக்கு நிறுத்தப்பட்டது. ட்ராம் வண்டியின் தண்டவாளமும் மேற்கம்பியும் 1899ஆம் ஆண்டளவிலிருந்து 1960 வரையிலான காலத்தைச் சுட்டும். யோர்க் வீதியின் கார்கில்ஸ் கட்டடம் 1906ஐயும், புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசல் 1909ஐயும், பிரதான வீதி வாயிலிலுள்ள கான் மணிக்கூட்டுக் கோபுரம் 1923ஐயும் கீழெல்லைகளாகத் தருகின்றன.

இவ்வடையாளங்களைப் பயன்படுத்துவதில் இரு எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, ஒன்று உள்ளமை வலிய சான்று. ஒன்று இல்லாமை வலிய சான்றன்று. கோபுரம் தெரியாமைக்கு அது கட்டப்படாமை மட்டுமே காரணமாகாது. கமரா நின்ற கோணமும் காரணமாகலாம். இரண்டாவது, படம் எடுத்த ஆண்டும் படம் விற்ற ஆண்டும் ஒன்றல்ல. பழைய எதிர்ப்படத்திலிருந்து பல்லாண்டுகளின் பின்னரும் அட்டை அச்சிடப்படும். தபால் முத்திரையின் ஆண்டு மேலெல்லையை மாத்திரமே தரும்.

நிழலைக் கொண்டு திசை காணும் முறையும் இவ்விடத்து ஆராயத்தக்கது. பாரிசில் நண்பகற் சூரியன் என்றும் தென்திசையிலேயே நிற்கும். எனவே நண்பகலில் வெயில் படும் சுவர் தெற்கு நோக்கியது என்பது அங்கே விதியாகும். கொழும்போ ஏறத்தாழ ஏழு பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. ஏப்பிரில் முற்பகுதி முதல் செப்டெம்பர் முற்பகுதி வரை நண்பகற் சூரியன் இங்கு உச்சிக்கு வடக்கே நிற்கும். அப்போது வடக்கு நோக்கிய சுவரே வெயில் பெறும். ஐரோப்பிய நகரங்களுக்கு வகுத்த விதியை இங்கு அப்படியே பொருத்துபவர் வீதியின் வடபுறத்தைத் தென்புறமாக மாற்றிவிடுவார். பிறர் வகுத்த முறையை நாம் கைக்கொள்ளலாம். ஆனால் நமது மண்ணின் நிலைமையோடு பொருத்திப் பார்த்தே கைக்கொள்ளல் வேண்டும். இலக்கியத் திறனாய்வுக்கும் இது பொருந்தும்.

5

எனினும், கொழும்புப் படங்களின் மையமான சிக்கல் நிழலிலோ கோபுரத்திலோ இல்லை, பெயரிலேயே உள்ளது. கோட்டைப் பகுதியின் வங்கிக்கும் விடுதிக்கும் வணிக நிலையத்துக்கும் தனித்தனிப் பெயர் தந்த அஞ்சலட்டைகள், புறக்கோட்டைக்கு வந்ததும் 'சுதேசிகளின் தெரு', 'சுதேசிகளின் கடைவீதி' என்ற பொதுப்பெயரோடு அமைவதுண்டு. ஓர் அலுவலகத்தின் வாயில் அறியத்தக்க இடம். மக்கள் வாழ்ந்து தொழில் செய்த தெரு வெறும் காட்சி. குடியேற்றவாத நோக்கு படத்திலே மாத்திரமன்றி, படத்துக்குப் பெயரிடாமையிலும் தொழிற்படுகின்றது.

பெயருள்ள தெருவும் ஒரு பெயரோடு நிற்பதில்லை. ஆங்கிலத்திற் கடலின் பெயரால் 'சீ ஸ்ட்ரீட்' எனக் குறிக்கப்படுவது தமிழரிடையே செட்டியார் தெரு. சிங்கள மக்களிடையே ஹெட்டி வீதிய. ஆங்கிலப் பெயர் கடலை நினைவூட்ட, மற்றைய இரண்டும் அங்கு வணிகம் செய்த மக்களை நினைவூட்டுகின்றன. கோட்டையின் 'குயீன் ஸ்ட்ரீட்' இன்று ஜனாதிபதி மாவத்தை. ஆங்கிலக் குறிப்பை மட்டும் கொண்டு தேடுபவர், தாம் நாள்தோறும் நடக்கும் தெருவின் படத்தையே அடையாளங் காணாது போகலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். அலங்கரித்த தேரொன்றும் அதனைச் சூழ்ந்த கூட்டமும் உள்ள படம். 'இந்துத் திருவிழா, கொழும்பு' என்பது குறிப்பு. அக்குறிப்போடு நிற்பவருக்கு நகரின் எந்தத் தெருவும் பொருந்தும். தேர் ஆடிவேல் தேரென அறிந்தவருக்கோ, செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து தென்புறமாகப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை நோக்கிச் செல்லும் பாதை மனத்தில் எழும். மாதமும் ஆடியென ஒடுங்கும். மாதம் ஒடுங்கவே நிழலும் பேசத் தொடங்கும். ஆவணக் காப்பாளர் பல மணி நேரம் தேடியும் பெறாத விடையை, அத்தேரின் பின் நடந்த முதியவர் ஒருவர் ஒரு கணத்திற் கூறிவிடக்கூடும். மக்களின் வழக்காறு பற்றிய அறிவும் அகச்சான்றை வாசிக்கும் கருவியே.

6

ஆயின் நினைவையும் திறனாய்வின்றி ஏற்றலாகாது. முதியவர் தாம் கண்ட தெருவையும், பின்னர் படத்திற் கண்ட தெருவையும் ஒன்றாக்கிக் கூறுதல் இயல்பு. நினைவும் ஒரு பாடமே; அதற்கும் பாடபேதங்கள் உண்டு. ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடும், இரண்டையும் படத்தோடும் ஒப்பிட்டே துணிதல் வேண்டும். துணிந்தபின், இது உறுதி, இது ஊகம், இதற்கான காரணம் இது என எழுதி வைத்தலும் வேண்டும். காரணம் எழுதப்படாத அடையாளம், அடுத்த தலைமுறைக்கு மற்றுமொரு ஐயத்துக்குரிய பழங்குறிப்பாகவே போய்ச்சேரும்.

இதனை விருப்பமுள்ளோரின் ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிட ஈழத்துத் தமிழருக்கு இயலாது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. பின்னர் நிகழ்ந்த போர், தெருக்களையும் வீடுகளையும், அவற்றோடு வீடுகளிலிருந்த குடும்பப் படங்களையும் அழித்தது. 1871இல் பாரிசுக்கு நேர்ந்தது இங்கும் நேர்ந்தது; ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தன் தெருக்களை அழிக்குமுன் அவற்றைப் படமெடுத்துப் பெயர் குறிக்க பாரிஸ் நகராட்சி ஒருவரை நியமித்தது. இங்கோ அழிவுக்கு முன் எவரும் அவ்வாறு நியமிக்கப்படவில்லை. எஞ்சியிருப்பவை திருமணப் படங்களின் பின்னணியிலும், பாடசாலைக் குழுப்படங்களின் ஓரத்திலும், கடைவாயிலில் எடுத்த படங்களிலும் தற்செயலாக அகப்பட்ட தெருக்களே. அவற்றின் பின்புறங்களிற் பெரும்பாலும் ஆட்களின் பெயர் இருக்கும். இடத்தின் பெயர் இராது. எல்லோரும் அறிந்த இடத்துக்கு அன்று எவரும் பெயர் எழுத நினைப்பதில்லை.

அவ்விடங்களை அறிந்தோர் இன்று முதியோராகிவிட்டனர்; பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். படம் இன்னும் பல்லாண்டு இருக்கும். அதனை வாசிக்கத் தெரிந்தவர் அத்தனை காலம் இருக்கமாட்டார். எனவே அவர்களிடம் படத்தைக் காட்டி, 'இது எந்த இடம்?' என்றும், 'எதனைக் கொண்டு அறிந்தீர்கள்?' என்றும் கேட்டு இரண்டு விடைகளையும் எழுதி வைத்தல் இன்று செய்யத்தக்க பணி. இரண்டாவது வினாவைக் கேளாது முதலாவதை மட்டும் கேட்பவர் பெயரைத் தொகுப்பார்; இரண்டையும் கேட்பவரே வரலாற்றைத் தொகுப்பார்.