ஒற்றன் முகம்

ஒற்றன் எப்படி இருக்க வேண்டும்? அதற்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார், ஐம்பத்தொன்பதாவது, ஒற்றாடல். கண்டவர் ஐயுறாத தோற்றம் வேண்டும். சினந்து நோக்கினாலும் அஞ்சாத நெஞ்சம் வேண்டும். என்ன நேரினும் உள்ளத்தில் இருப்பதை உமிழாத வாய் வேண்டும். இவ்வளவோடு நிற்கவில்லை அப்பெரியார். ஒற்றனுக்குப் பலரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் மறைபொருளை நீயே ஊருக்கு உரைத்தவனாவாய் என்று அரசனையும் எச்சரிக்கிறார்.

புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளியொன்றில் நாம் இதை நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். “அப்படியானால் ஜேம்ஸ் பாண்ட் ஒற்றனே இல்லையே, ஐயா! போகுமிடமெல்லாம் பேரைச் சொல்லிக்கொண்டுதானே போகிறார்?” என்றான். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். வீடு திரும்பிய பின்னர் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் திரையில் ஒற்றர் வேடம் தாங்கியவர்களை எல்லாம் அந்தக் கேள்வியை வைத்தே நிறுத்துப் பார்த்தால் என்ன?

முதலில் அயல்நாட்டார். இயன் பிளெமிங் 1953இல் தம் முதற் கதையை வெளியிட்டபோது, தம் ஒற்றனுக்கு மிகச் சாதாரணமான, சுவையற்ற ஒரு பெயரைத் தேடினார். பறவைகளைப் பற்றி நூல் எழுதிய ஒருவரின் பெயரை எடுத்துக்கொண்டார். ஆக, ஏட்டிலே பிறந்தபோது அவன் பேரில்லாதவனைப் போன்றவன்தான்! அவனைப் பேர்போனவனாக்கியது திரை.

1962இல் தொடங்கி 2021 வரை வந்த இருபத்தைந்து படங்களில் அறுவர் அந்த வேடம் பூண்டனர். முதல்வர் ஷான் கானரி. ஈட்டன் பள்ளியில் படித்த கனவானாக நடித்த அவர், எடின்பரோவில் வீடு வீடாகப் பால் கொடுத்த ஏழைத் தொழிலாளியின் பிள்ளை. பிறப்பால் வருவது பெருமிதம் என்போர் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும். இயக்குநர் தையற்காரரிடம் அழைத்துப் போய்ச் சட்டை தைத்துக் கொடுத்தார், நடக்கவும் அமரவும் பழக்கினார். பிரபுவைவிடப் பிரபுவாக அவர் விளங்கினார். பிறவிக் குணம் என்று உலகம் கருதியது பயிற்சியால் வந்தது! ஆனால் அவர் அறைக்குள் நுழைந்தால் எல்லாக் கண்ணும் அவர்மேல்தான். வள்ளுவரின் முதல் தேர்விலேயே தோற்றார்.

ஆஸ்திரேலியரான ஜார்ஜ் லேசன்பி 1969இல் ஒரே படத்தோடு விலகினார். அதற்குமுன் விளம்பரங்களில் நின்றவர் என்றாலும், மனைவியைப் பறிகொடுத்த இறுதிக் காட்சியில் அவர் காட்டிய திகைப்பை நாம் குறைத்து மதிப்பிடோம். ரோஜர் மூர் 1973 முதல் 1985 வரை ஏழு படங்களில் புருவத்தை உயர்த்தியே பிழைத்தார். 1983ஆம் ஆண்டுப் படத்திற்காக நம் நாட்டு உதயப்பூருக்கும் வந்தார். நம்மவர் கையில் பணக்கட்டைத் திணித்துக் குழம்புக்கு ஆகும் என்று கேலி பேசினார்! நம் சென்னையின் டென்னிசு வீரர் விஜய் அமிர்தராஜ் அதே படத்தில் உடன் நடித்தார் என்பதை நினைக்கும்போது நாவில் கசப்புத் தட்டுகிறது. ஆதிக்கம் போய்விட்டது, அதன் சிரிப்பு மட்டும் போகவில்லை.

திமோத்தி டால்டன் இரண்டே படங்களில் வந்தார், 1987இலும் 1989இலும். நாடகமேடையில் தேறிய அவர், பிளெமிங்கின் நூல்களைத் திரும்பப் படித்துவிட்டு வந்து நடித்தார். சிரிப்பு குறைவு, சோர்வும் கடுப்பும் உண்டு, கொலைத்தொழில் ஒருவனை என்ன செய்யும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மக்கள் அவரை அணைத்துக்கொள்ளவில்லை. நம் கணிப்பில் அறுவரில் ஒற்றனுக்கு அண்மையில் நின்றவர் அவரே. பியர்ஸ் பிராஸ்னன் முன்னவர்களின் கலவை. அவர் காலத்தில் நடந்த நற்செயல், 1995இல் ஜூடி டென்ச் என்ற அம்மையார் தலைமை நாற்காலியில் அமர்ந்து, பெண்களை இழிவாக நடத்தும் பழங்கால விலங்கு நீ என்று அவனை முகத்துக்கு நேரே இடித்துரைத்தது. டேனியல் கிரெய்க்கைத் தேர்ந்தபோது அவர் முடியின் நிறம் சரியில்லை என்று கூச்சலிட்டார்கள்! அவரோ குருதி சிந்தினார், காதலித்தார், 2021இல் அந்த வேடத்தையே சாகவும் வைத்தார்.

ஒன்றைக் கவனியுங்கள், தோழர்களே! கானரி போனார், வேடம் நின்றது. மூர் போனார், வேடம் நின்றது. நாற்காலி நிலைத்தது, அமர்ந்தவர் மாறினர். ஆகவேதான் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட நமக்கு வாய்த்தது. தமிழகத்தில் அது வாய்க்குமா?

1966இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘வல்லவன் ஒருவன்’ எடுத்தது, ஜெய்சங்கர் துப்பறிந்தார், தமிழகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று பேர் பெற்றார். 1970இல் அதே நிறுவனம் எடுத்த படத்தின் பெயர் என்ன? ‘சி.ஐ.டி. சங்கர்’! நடிகருக்கு வேடம் அமைத்தது போக, வேடத்துக்கு நடிகரின் பெயரே வந்துவிட்டது. அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனைப் போன்ற எளிய முகம். அலட்டல் இல்லாத ஓட்டம். ஒற்றனுக்கு வேண்டிய பாதி அவரிடம் இயல்பாகவே இருந்தது. மீதிப் பாதியைத் தொப்பியும் கோட்டும் கெடுத்தன.

1968இல் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் ‘ரகசிய போலீஸ் 115’ வந்தது. தெலுங்கில் கிருஷ்ணா 116, கன்னடத்தில் ராஜ்குமார் 999, நமக்கு 115. (எண் வைத்தால் ஒற்றனாகிவிடலாம் என்றிருந்த காலம் அது!) எம்.ஜி.ஆர். பாண்டைப் போல் குடிக்கவில்லை, புகைக்கவில்லை. அதை நாம் போற்றுகிறோம். இளைஞர் பலர் அதனால் நலம் பெற்றனர் என்பதை மறுப்பார் யார்? ஆனால் அது ஒற்றனின் ஒழுக்கமன்று, எம்.ஜி.ஆரின் ஒழுக்கம். அவர் படங்களில் மாறுவேடம் என்று கன்னத்தில் ஒரு மச்சத்தை ஒட்டிக்கொள்வார். எதிரிக்கு ஆள் தெரியாது. கொட்டகையின் கடைசி வரிசைக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாக வேண்டும், தெரியாவிட்டால் சீழ்க்கை எழாது. சிவாஜி கணேசன் ‘தங்கச்சுரங்கம்’ (1969), ‘ராஜா’ (1972) ஆகியவற்றில் ஏற்ற வேடங்களும் இவ்வகையே.

அதே சிவாஜியிடம் ஒற்றன் இருந்தான் என்பதற்குச் சான்றும் உண்டு. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’. பாட்டே இல்லாத படம். 1943இல் சப்பானியர் சென்னைமேல் குண்டு வீசிய நாள்களே களம். சிவாஜி ஏற்ற ராஜன் என்ற பொறியாளர் பகைவருக்குத் துணைபோகிறவர். தொடக்கத்திலேயே சுடப்பட்டு வீழ்கிறார். பிறகு பலர் வாய்வழியே அவரைக் காண்கிறோம். ஒருவர் சொல்லும் ராஜனுக்கும் மற்றவர் சொல்லும் ராஜனுக்கும் பொருத்தமில்லை. கட்டிய மனைவியே நெடுநாள் அறியவில்லை. கண்களில் பணிவு, குரலில் இனிமை, உள்ளே இரண்டகம்! துப்பறியும் அதிகாரியாக வந்த ஜாவர் சீதாராமனோ, நான் இன்னார் என்ற மிடுக்கே இல்லாமல் கேட்டுக் கேட்டு உண்மைக்கு வருகிறார். ஓர் ஒற்றர் சொல்வதை மற்றோர் ஒற்றரைக் கொண்டு ஒத்துப் பார் என்ற வள்ளுவர் முறை அங்கே அப்படியே நடக்கிறது.

வேடம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது நமக்குப் புதிதா என்றால், இல்லை. பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் சிறுவனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், ராஜபார்ட்டு மறுநாள் வேறு பையனுக்கு. வேடம் யாருடைய சொத்துமன்று. அந்தப் பட்டறையில் உருவானவர் நம் மண்ணின் மைந்தர், பெயரின் முதலெழுத்திலேயே புதுக்கோட்டையைச் சுமந்த பி.யு. சின்னப்பா. 1940இல் ‘உத்தமபுத்திர’னில் அவர் ஏற்ற இரட்டை வேடத்தை, 1958இல் சிவாஜி ஏற்றார். இருவரையும் ஒப்பிட்டு நம் பாட்டன்மார் திண்ணைகளில் வழக்காடினர். சின்னப்பாவுக்குப் பாட்டும் வாள்வீச்சும். சிவாஜிக்கு நடையும் நகைப்பும். அது கலையைப் பற்றிய வழக்கு. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த எம்.ஜி.ஆருக்கு 1967இல் குண்டடிபட்டுக் குரல் மாறியபோது, கம்பெனிக் காலமாயிருந்தால் வேடம் கைமாறியிருக்கும். மக்களோ மாறிய குரலையே ஏற்றனர். அன்பு பெரிதுதான். ஆயினும் நடிப்பைப் பார்க்கும் கண்ணை நாம் எங்கோ இழந்தோம்.

கமல்ஹாசன் கதை கொஞ்சம் வேறு. எழுத்தாளர் சுஜாதா கைவண்ணத்தில் 1986இல் வந்த ‘விக்ரம்’, கருவிகளின் கண்காட்சி. 2013இல் ‘விஸ்வரூப’த்தில் கதக் ஆசிரியராக, நளினம் மிக்கவராக வந்து, மனைவியும் அறியாத ஒற்றராக இருந்தார், ஐயுறாத தோற்றம் என்ற இலக்கணம் அங்கே முழுமையாக நிறைந்தது. 2022இல் மறுபடி ‘விக்ரம்’, லோகேஷ் கனகராஜ் இயக்கம். முதற்பாதியில் அவர் ஒரு குடிகாரர். அவர் யார் என்று கேட்டுத் திரிகிறார் ஃபகத் ஃபாசில். அரைப்படம் வரை ஒற்று, அதன்பிறகு பீரங்கி!

அந்தப் படத்தின் முதல் காட்சிக்கு நாமும் போயிருந்தோம். கொட்டகை வாயிலில் வானளாவிய அட்டை உருவம்; அதன்மேல் பால் வழிந்தது. கல்லுக்குப் பால் எதற்கென்று மேடையில் முழங்கிய தோழர் இருவர் அக்கூட்டத்தில் இருந்தனர். அவர்களைத் தடுக்காமல் நின்ற நாமும் இருந்தோம்.

உள்ளே அரங்கம் அதிர்ந்தது, நாயகனுக்காக மட்டுமன்று. அந்த வீட்டில் சமைத்து, துடைத்து, குழந்தைக்கு ஊட்டி, யார் கண்ணிலும் படாமல் நடமாடிய பணிப்பெண் ஒருத்தி, கொலைகாரர்கள் நுழைந்ததும் ஒற்றராக நிமிர்ந்தார். டீனா! சமையலறையில் கிடைத்ததே ஆயுதம். சில நிமிடப் போர், பிறகு சாவு. பாண்ட் முதல் விக்ரம் வரை எவரும் பெறாத தேர்ச்சி அவருக்கே என்போம். வேலைக்காரியை யார் ஏறிட்டுப் பார்க்கிறார்கள்? நம் சமுதாயம் பாராமுகத்தாலேயே அவருக்கு மாறுவேடம் தைத்துக் கொடுத்துவிட்டது. நடித்த வசந்தி என்ற அம்மையார் நாயகர்களின் பின்னே குழு நடனத்தில் பல்லாண்டுக் காலம் ஆடியவர். எத்தனையோ படங்களில் நாம் அவரைப் பார்த்திருப்போம். ஒரு முறையும் பார்த்ததில்லை.

அன்று அரங்கத்தில் எழுந்து நின்று கைதட்டியவர்களில் அவர் பெயரை அறிந்தவர் ஒருவரும் இல்லை. வெளியே வந்து, பால் காயாத அட்டை உருவத்தின் கீழே நின்று, ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம்.