பிறர் குரலுக்கு இசை தந்தோர்

அபுல் ஃபரஜ் அல்-இஸ்பஹானீ ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் தொகுத்தளித்த ‘கிதாபுல் அகானீ’யைப் புரட்டுவோர் அதில் ஒரு வழக்கத்தைக் காண்பர். பாடல் ஒன்றைக் குறித்தவுடன், கவிதை இன்னாருடையது, மெட்டு இன்னாருடையது, தாளமுறை இன்னது என்று தனித்தனியே அவர் பதிவு செய்து செல்வார். கலீஃபா ஹாரூன் ரஷீதுக்கெனத் தேர்ந்தெடுக்கப்பெற்ற நூறு பாடல்களே அப்பெருநூலின் அடித்தளம். அவற்றைத் தேர்ந்தோருள் ஒருவரான இப்ராஹீம் அல்-மவ்ஸிலீ தாமே பெரும் பாடகர். ஆயினும் பாடகியர் பலரைப் பயிற்றுவித்துத் தம் மெட்டுகளை அவர்தம் நாவில் இட்டவர். பாட வல்லவன் தன் பாட்டைப் பிறருக்குத் தருவது அந்நாளில் வியப்புக்குரிய செய்தியன்று.

இன்றைய அரபு இசையுலகில் அவ்வழக்கம் அருகிவிட்டது. மெட்டமைத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டோர் இன்றும் உளர்; நாம் பேசப் புகுவது அவர்களைப் பற்றியன்று. தாமே பாடிப் புகழ் பெறத்தக்க ஒருவர், தம் மெட்டுகளுள் மிகச் சிறந்ததை எடுத்து மற்றொருவர் கையில் வைப்பதைப் பற்றியே பேசுகிறோம். அது ஏன் மறைந்தது என்று கேட்பதற்கு முன், அது எப்படி நிகழ்ந்தது என்று பார்ப்பது நலம். அதற்குச் சென்ற நூற்றாண்டின் கெய்ரோ நகரையும், அங்கு உம்மு குல்தூம் அம்மையாரைச் சூழ்ந்திருந்தோரையும் காட்டிலும் தக்க சான்று இல்லை.

அம்மையார் சிற்றூர்க் குத்தாபில் குர்ஆன் ஓதிப் பயின்றவர். மவ்லிது பாடிய தந்தையாருடன் சிறுமியாகவே ஊர் ஊராகச் சென்று பாடியவர். எழுத்துகள் ஒவ்வொன்றும் அதனதன் மக்ரஜிலிருந்து பிசகாமல் எழும் நாவு அவருக்கு வாய்த்தது அப்பயிற்சியால்தான். இதனை நன்குணர்ந்தவர் ரியாள் அஸ்-ஸுன்பாத்தீ. ஊத் வாசிப்பதில் வல்லவர். படமொன்றில் தாமே நாயகராக நடித்தவர். குரல் வளமும் உடையவர். அவர் தம் பெரும் பணியை அம்மையாரின் குரலுக்கே ஒப்படைத்தார். அஹ்மத் ஷவ்கீயின் கஸீதாக்களும், 1966-இல் அரங்கேறிய ‘அல்-அத்லால்’ என்னும் இப்ராஹீம் நாஜீயின் கவிதையும் அவ்வாறு பிறந்தவை. கவிஞர் நாஜீ 1953-லேயே மறைந்துவிட்டார். தம் சொற்கள் அடைந்த உயரத்தை அவர் கேட்கவில்லை. அந்த மெட்டை வேறொருவர் பாடக் கேட்டால் அதன் அளவு புரியும். கடின மெய்கள் அடுக்கி வரும் இடங்களில் மெட்டு நின்று வழிவிடுகிறது. அந்நாவினால் இயலும் என்று அறிந்தவரே அப்படி அமைக்க முடியும்.

முஹம்மத் அல்-கஸப்ஜீயின் வரலாறு இதனினும் நெஞ்சைத் தொடுவது. அம்மையாரின் தொடக்க காலப் பாடல்களுக்குப் புது வழி வகுத்தவர் அவர். 1940-களுக்குப் பின் அவருடைய புதிய மெட்டுகளை அம்மையார் பாடவில்லை. மற்றொருவராயின் மனம் வெதும்பி விலகியிருப்பார். கஸப்ஜீயோ 1966-இல் தாம் மறையும் வரை அம்மையாரின் வாத்தியக் குழுவில் ஊத் ஏந்தி அமர்ந்து, பிறர் அமைத்த மெட்டுகளை வாசித்து வந்தார். இதனைத் தோல்வி என்று எழுதுவோரும் உண்டு. எமக்கு அப்படித் தோன்றவில்லை.

முஹம்மத் அப்துல் வஹ்ஹாபோ அம்மையாருக்கு நிகரான புகழ் படைத்த பாடகர். 1933 முதற்கொண்டு திரைப்படங்களிலும் பாடி நடித்தவர். இருவரையும் சேர்த்துவைக்க முயன்றோர் பலர். இறுதியில் 1964 பிப்ரவரியில், அஹ்மத் ஷஃபீக் காமில் எழுதிய ‘இன்த்த உம்ரீ’ அரங்கேறியது. அரபு மக்கள் அதனை ‘மேகங்களின் சந்திப்பு’ என்றனர். அடுத்த ஒன்பதாண்டுகளில் மேலும் ஒன்பது பாடல்கள் அவ்வாறு வந்தன. ஃபரீத் அல்-அத்ரஷும் பெரும் பாடகரே. தம் மெட்டு ஒன்றை அம்மையார் பாட வேண்டும் என்ற அவாவுடன் 1974-இல் மறைந்தார், அது நிறைவேறவேயில்லை. பிறர் குரலில் தம் இசை ஒலிப்பதை அவர்கள் சிறுமையாகக் கருதவில்லை; பேறாகக் கருதினர்.

இனி, அது மறைந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களுக்கு வருவோம். முதலாவது பணம். பாட்டை ஆக்கியவருக்கு ஒலிபரப்பிலும் விற்பனையிலும் தனிப் பங்கு உண்டு; ஆகவே பாடுவோர் அப்பங்கையும் தாமே கொள்ள விரும்புகின்றனர் என்பர். உண்மைதான். ஆனால் பணப் பிணக்கு அந்நாளிலும் இருந்தது. ஒலிபரப்பு வருவாயில் தமக்குரிய பங்கு குறித்து ஸகரிய்யா அஹ்மத் வழக்குத் தொடுத்து, அம்மையாரை விட்டுப் பல்லாண்டு பிரிந்திருந்தார். 1960-இல் இணக்கம் ஏற்பட்டதும் அவர் தந்தது மீண்டும் ஒரு பாட்டைத்தான். மறு ஆண்டே அவர் மறைந்தார். பணம் தடுக்குமேயன்றி வேரறுக்காது என்பதற்கு இதுவே போதும்.

இரண்டாவது காரணம் மேல்நாட்டிலிருந்து வந்தது. சொந்த உணர்வைச் சொந்தச் சொல்லில் சொந்தக் குரலில் பாடுவதே வாய்மை என்னும் கொள்கை 1960-களில் அங்கு வலுப்பெற்றது. அமெரிக்காவில் பிறருக்காகப் பாடல்கள் ஆக்கிவந்த கரோல் கிங் என்னும் பெண்மணி, 1971-இல் ‘டேப்பஸ்ட்ரி’ என்னும் இசைத்தட்டில், முன்பு பிறர் பாடிய தம் பாடல்கள் சிலவற்றைத் தாமே பாடி வெளியிட்டார்; உலகம் அதனைக் கொண்டாடியது. அதன் அழகை யாம் மறுக்கவில்லை. ஆனால் அதனை வாய்மைக்கு ஒரே அளவுகோலாக்குவது, அரபுக் கவிதை கற்றோர் ஏற்கத்தக்கதன்று. குஸைய்யிர் ஜமீலின் ராவி. ஜமீல் ஹுத்பாவின் ராவி. ஹுத்பா ஹுதைஆவின் ராவி. ஹுதைஆவோ ஸுஹைரின் ராவி. பிறர் கவிதையை நெஞ்சில் சுமந்து ஓதித் திரிந்தவர்களே பின்னர்ப் பெருங்கவிஞராயினர். சுமந்ததால் அவர்கள் பொய்யராகிவிடவில்லை.

எம் கருத்தில் மெய்யான காரணம் வேறு. பிறருக்கு மெட்டமைக்க, முதலில் அப்பிறரைக் கேட்க வேண்டும். அதுவும் ஒருநாள் இருநாள் அன்று. அம்மையாரின் முதல் வியாழக்கிழமைக் கச்சேரிகளை வானொலி மாதந்தோறும் ஒலிபரப்பியது. மெட்டமைப்போர் அவர் குரலை ஆண்டுக்கணக்கில் கேட்டனர். எந்த இடத்தில் தழைகிறது, எந்தச் சொல்லை அவையோர் மீண்டும் கேட்கின்றனர் என்று அறிந்தனர். புதுப்பாட்டானால் ஊத்தை மடியில் வைத்து, எதிரெதிரே அமர்ந்து, வாய்மொழியாகவே கற்பித்தனர். வாத்தியக்காரரும் மனப்பாடம் செய்தே வாசித்தனர். ஒத்திகை மாதக்கணக்கில் நடக்கும். அதனூடே மெட்டும் மாறும். மதரஸாவில் உஸ்தாத் முன் மண்டியிட்டுப் பாடம் கேட்டவர்களுக்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை.

1970-களில் ஒலிநாடா பெருகிற்று, பாட்டு குறுகிற்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியங்களை முன்னரே பதிந்துவிட்டு, குரலைப் பின்னர் ஏற்றும் முறை வந்தது. இப்போது கணினியில் மெட்டு முழுவதும் ஒருவர் அறையிலேயே முடிந்துவிடுகிறது. தனியறையில் இருப்பவருக்குக் கேட்கும் ஒரே குரல் தம்முடையது. அதற்கே அவர் மெட்டமைக்கிறார். அதனைப் பிறகு யாருக்குக் கொடுப்பது? கருமித்தனம் என்று இதனைப் பழிப்பது நியாயமாகாது. கொடுப்பதற்குரிய ஆளை அவர் கேட்டதேயில்லை.

இதன் விளைவை நிஸார் கப்பானீயின் கவிதைகளைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1969-இல் அவர் கவிதை ஒன்றுக்கு அப்துல் வஹ்ஹாப் மெட்டமைக்க, உம்மு குல்தூம் பாடினார். மூவர் பங்கு அது. பிற்காலத்தில் அதே கவிஞரின் கவிதைகள் பலவற்றுக்கு இராக்கியரான காளிம் அஸ்-ஸாஹிர் தாமே மெட்டமைத்துத் தாமே பாடினார். சிறந்த குரல், தேர்ந்த இசையறிவு, மொழியில் அக்கறை ஆகிய யாவும் அவரிடம் உண்டு. எனினும் தொடர்ந்து கேட்குங்கால் மெட்டுகள் ஒன்றுக்கொன்று உறவாகிவிடுகின்றன. தம் குரலுக்கு எளிதான வழியை அவர் நன்கறிவார், அவ்வழியே போகிறார். ‘இதனை என்னால் பாட இயலாது, மாற்றுங்கள்’ என்றோ, ‘இன்னும் மேலே போகலாமே’ என்றோ எதிரே அமர்ந்து சொல்வாரில்லை.

முர்ஸீ ஜமீல் அஸீஸ் எழுதிய ‘மின் கைர் லேஹ்’ என்னும் பாடலுக்கு அப்துல் வஹ்ஹாப் மெட்டமைத்தது, அப்துல் ஹலீம் ஹாஃபிளுக்காக. 1977 மார்ச்சில் அப்துல் ஹலீம் லண்டனில் மறைந்தார், பாட்டு நின்றுவிட்டது. கவிஞரும் 1980-இல் மறைந்தார். அப்பாடலை 1989-இல் அப்துல் வஹ்ஹாப் தம் குரலிலேயே வெளியிட்டார். அதற்கு ஈராண்டுகளில் அவரும் மறைந்தார். வயது முதிர்ந்த குரல் அது. இளையவர் ஒருவர் மூச்சுக்கெனப் பார்த்துப் பார்த்து விட்டுவைத்த இடைவெளிகளில், அக்குரல் மெல்ல அடிவைத்துச் செல்கிறது.